நாட்டுத் துப்பாக்கி செஞ்சா ஏழு வருசம் பத்தாதா? தண்டனையைக் கூட்டச் சொல்றவங்க வாங்க, பேசலாம்

அந்தியூர்ப் பங்காளி

வணக்கமுங்க. போன வாரம் எங்க மலையடிவாரத்துல ஆட்டோவுல மைக் கட்டி அறிவிப்பு பண்ணீட்டுப் போனாங்க. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வெச்சிருக்கறவங்க தானா முன்வந்து ஒப்படைச்சா வழக்கு இல்லை, நாங்களாத் தேடி எடுத்தா வழக்கு நிச்சயம்னு. பர்கூர், கடம்பூர், கொல்லிமலைப் பக்கம் இருக்கறவங்களுக்கு இது புதுசில்லை. அறிவிப்பு வந்த ரெண்டு மூணு நாள்ல ஊர் எல்லையில, கோயில் திட்டுல, ரோட்டோரப் புதர்ல துப்பாக்கி கேட்பாரற்றுக் கிடக்கும். போலீஸ் எடுத்துட்டுப் போவாங்க, பேப்பர்ல போட்டோ வரும்.

அன்னிக்கு டீக்கடையில ஒரு பெரியவர், "வெச்சிருக்கறவன உடுங்கப்பா, செஞ்சு குடுக்கறவனப் புடிச்சுக் காலத்துக்கும் உள்ள போட்டா தானா நின்னு போயிரும்"னார். அத்தன பேரும் தலையாட்டுனாங்க. எனக்குத்தான் மனசு ஒப்பல. செஞ்சு குடுக்கறவன்னா யாரு? எங்க பக்கத்துல பார்த்தா கொடுவாளும் கலப்பைக் கொழுவும் அடிக்கிற ஆசாரிதான். பாட்டன் காலத்துத் துப்பாக்கியில விசை உடைஞ்சு போச்சுன்னு ஒருத்தன் கொண்டாந்தா மாட்டிக் குடுப்பாரு. இன்னொரு பக்கம் கைத்துப்பாக்கி செஞ்சு விக்கிற கும்பலும் நாட்டுல இருக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே தண்டனைங்களா? சட்டம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

பவானிக்கரை வக்கீல்

நல்ல கேள்விங்க. இப்ப நடைமுறையில இருக்கறதை முதல்ல சொல்லிடறேன், கூட்டலாமா குறைக்கலாமாங்கறதை அப்புறம் பேசுவோம்.

1959-ஆம் வருச ஆயுதச் சட்டம். 3-ஆம் பிரிவு உரிமம் இல்லாம வெச்சிருக்கறது பத்தி. 5-ஆம் பிரிவு உற்பத்தி, விற்பனை பத்தி. தண்டனை ரெண்டுக்குமே 25-ஆம் பிரிவுல இருக்குது. 2019 டிசம்பர்ல நாடாளுமன்றம் இதைத் திருத்துச்சு. அதுக்கு முன்னால உரிமம் இல்லாம துப்பாக்கி செஞ்சா குறைஞ்சது 3 வருசம், அதிகபட்சம் 7 வருசம். திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 7 வருசம், அதிகபட்சம் ஆயுள். அதாவது பழைய உச்சவரம்பு இப்ப அடிமட்டம் ஆயிருச்சு. தடை செய்யப்பட்ட ரகத்துத் துப்பாக்கி (விசைய அமுக்கிப் புடிச்சா தொடர்ந்து சுடற மாதிரி ரகம்) செஞ்சா குறைஞ்சதே 10 வருசம். சட்டவிரோதக் கடத்தல், குற்றக் கும்பல் வேலைன்னு வந்தாலும் 10 வருசத்துல இருந்து ஆயுள் வரைக்கும்.

சும்மா வெச்சிருந்தவனுக்கு முன்ன 1-ல இருந்து 3 வருசம், இப்ப 2-ல இருந்து 5 வருசம்.

டீக்கடைப் பெரியவர் கேட்டதை 2019-லயே குடுத்துட்டாங்க. அது யாருக்கும் தெரியல, அதுதான் சங்கதி.

பங்காளி கேட்டதுக்கு வர்றேன். 5-ஆம் பிரிவுல செய்யறது மட்டும் இல்லைங்க. விக்கிறது, கைமாத்தறது, மாத்தி அமைக்கிறது, பழுது பார்க்கறது, சுட்டுச் சோதிச்சுப் பார்க்கறது எல்லாமே ஒரே வரியில வருது. தண்டனைப் பிரிவும் அதே வரிசையத்தான் திருப்பிச் சொல்லுது. விசை மாட்டிக் குடுத்த ஆசாரியும், கைத்துப்பாக்கி செஞ்சு மூட்டை கட்டி அனுப்பறவனும் காகிதத்துல ஒரே பிரிவு, ஒரே ஏழு வருசம்.

இன்னொன்னு. வெச்சிருந்தவனுக்கு, தகுந்த தனிக் காரணத்தைத் தீர்ப்புல எழுதி ரெண்டு வருசத்துக்குக் கீழயும் குடுக்கலாம்னு நீதிபதிக்கு ஒரு வாசல் இருக்குது. பழுது பார்த்தவனுக்கு அந்த வாசல் கிடையாது.

தறிக்காரன்

அப்ப துப்பாக்கி வெச்சிருக்கறவன் ஒண்ணு ரெண்டு வருசத்துல ஊட்டுக்கு வந்துருவான், ஸ்பிரிங் மாட்டுனவன் ஏழு வருசம் களி திங்கோணும். நல்லா இருக்குதுங்க.

ஓய்வு ஏட்டய்யா

எல்லாரும் ஆசாரிக்குப் பரிஞ்சு பேசறீங்க. நான் சத்தியமங்கலம் பக்கம் ரொம்ப காலம் வேலை பார்த்தவன். துப்பாக்கி தானா மொளைக்காதுங்க. மலையில ஒரு துப்பாக்கி புடிச்சா அதுக்குப் பின்னால ஒரு பட்டறை இருக்கும். புடிபட்டவன் வாயத் தொறக்க மாட்டான், "எங்க ஐயன் காலத்துது சார்"ம்பான். எல்லார்த்துக்கும் ஐயன் காலத்துது! குழாயப் பார்த்தா நேத்துக் கடைஞ்ச மினுமினுப்பு இருக்கும்.

மான், கடமான், முயல் எத்தனை போகுதுன்னு வனத்துறை ஆளுகளக் கேளுங்க. அதை உடுங்க. ராத்திரி புதர் அசைஞ்சா மிருகம்னு நெனச்சுச் சுட்டு, கூட வந்தவனே செத்த கேஸ் நான் பார்த்திருக்கேன். செத்தவன் பொண்டாட்டிகிட்டப் போய் இந்த ஆசாரி பாவமுங்கன்னு சொல்லிப் பாருங்க.

வீரப்பன் காலத்தை நெனச்சுப் பாருங்க. 2004 அக்டோபர்ல அவன் கதை முடியற வரைக்கும் இந்த மலைகள்ல ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஊர் ஊரா எத்தனை சனம் அடி வாங்குச்சு! துப்பாக்கி செய்யறவனால அந்தத் துயரம் மொத்த மலைக்கும் வந்து சேருது. தண்டனை கனமா இருந்தாத்தான் நல்லது. நான் இன்னும் கூட்டோணும்னு சொல்ற கட்சி.

கணபதி லேத்து

ஏட்டய்யா சொல்ற "கடைஞ்ச மினுமினுப்பு" எங்க தொழில்லதான் வருது, அதனால உள்ள வர்றேன்.

கோயமுத்தூர்ல லேத்துப் பட்டறை வெச்சிருக்கேன். ஜாப் ஒர்க்குதான். பம்பு சாப்ட்டு, புஷ்ஷு, கிரைண்டர் பார்ட்டு. முன்னெல்லாம் பார்ட்டி நேர்ல வந்து மாதிரியக் குடுப்பான். இப்ப வாட்சப்புல டிராயிங் வருது, பணம் ஜீபேல வருது, பார்சல் பஸ்ல போகுது. ஆளையே பார்க்கறதில்லை. ஒரு குழா, இத்தனை உள்விட்டம், இத்தனை நீளம், இன்ன கிரேடு எஃகுன்னு வந்தா அது ஹைட்ராலிக் வேலையா வேற எதுக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?

ஒருதடவை ஒரு பையன் வந்தான். டிராயிங் எதுவும் இல்லாம, சின்ன உருப்படியா நாலஞ்சு, தனித்தனியா. எதுக்குன்னு கேட்டா காலேஜ் புராஜெக்ட்ங்கறான். எந்தக் காலேஜுன்னா ரெண்டு தடவை ரெண்டு பேரு சொல்றான். வேண்டாம் தம்பின்னு அனுப்பி வெச்சுட்டேன். பக்கத்துப் பட்டறையில செஞ்சு குடுத்திருப்பாங்களோ என்னமோ.

இப்ப வக்கீல் சாரு ஏழு வருசம்ங்கறார். எங்க சந்துல இருக்கற பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிஞ்சா ராத்திரி தூக்கம் வராது.

பவானிக்கரை வக்கீல்

கணபதி அண்ணா, பயப்படவும் வேணும், ரொம்பப் பயப்படவும் வேண்டாம்.

பயப்பட வேண்டியது ஏன்னா, சட்டத்துல ஆயுதம்ங்கறதுக்குள்ள அதோட உதிரிப் பாகங்களும் வருது, அதைச் செய்யற இயந்திரமும் வருது. முழுத் துப்பாக்கி ஆகலையே, வெறும் குழாதானேன்னு தப்பிக்க முடியாது.

ரொம்பப் பயப்பட வேண்டாம்ங்கறது ஏன்னா, தெரிஞ்சு செஞ்சாரா இல்லையாங்கறது முக்கியம். வெச்சிருக்கற குத்தத்துலயே, தன் வசம் இருக்குதுங்கற தெளிவோட இருந்தாத்தான் குத்தம்னு உச்ச நீதிமன்றம் 1972-லயே சொல்லியிருக்குது. உங்க வேலைக்கும் அதே ரோசனைதான். ஆனா "எனக்குத் தெரியாது"ன்னு வாயில சொன்னாப் பத்தாது. பில்லு, டிராயிங், குடுத்தவன் பேரு, போன் நெம்பரு எல்லாம் கையில இருக்கோணும். பில்லு இல்லாத வேலை, பேரில்லாத பார்ட்டி, ரொக்கப் பணம்னு இருந்தா, தெரியாதுன்னு நீங்க சொல்றதைக் கோர்ட்டு நம்பறது கஷ்டம்.

அந்தக் காலேஜ் பையனைத் திருப்பி அனுப்புனது சரி. அதோட ஸ்டேசனுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கணபதி லேத்து

ஸ்டேசனுக்குச் சொன்னா அடுத்த ஒரு மாசம் என்னையத்தான் கூப்பிட்டு உக்கார வெப்பாங்க சார். அதனாலதான் யாரும் சொல்றதில்லை. இதையும் எழுதிக்கோங்க.

சேலத்து மாம்பழம்

ஓமலூரை எல்லாரும் மறந்துட்டீங்களா? 2022 மே மாசம். வாகனச் சோதனையில ரெண்டு இளவட்டங்க கைத்துப்பாக்கியோட மாட்டுனாங்க. யூடியூப் பார்த்துச் செஞ்சோம்னாங்கன்னு பேப்பர்ல வந்துது. அப்புறம் கேஸு என்.ஐ.ஏ.வுக்கு, அதாவது தேசியப் புலனாய்வு முகமைக்குப் போச்சு. பாரம்பரியக் கொல்லருங்க இல்லை, வேட்டைக்காரங்க இல்லை, படிச்ச பசங்க. திருத்தம் வந்து ரெண்டரை வருசம் ஆயிருந்துது அப்ப. ஆயுள் வரைக்கும் போகும்ங்கறது அவனுகளைத் தடுக்கலையே?

ஓய்வு ஏட்டய்யா

தடுக்கப்பட்டவனுகளைப் பத்திப் பேப்பர்ல வராதுங்க. பயந்து செய்யாம உட்டவன் யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

சிட்னி கவுண்டம்பாளையம்

ஏட்டய்யா சொன்னது நியாயமான கேள்வி. நான் இருக்கற நாட்டு விசயத்தைச் சொல்றேன், நம்மூருக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல வரல.

ஆஸ்திரேலியாவுல 1996-ல போர்ட் ஆர்தர்ல ஒருத்தன் 35 பேரைச் சுட்டுக் கொன்னான். அதுக்கப்புறம் எல்லா மாநிலமும் ஒண்ணு சேர்ந்து சட்டத்தை இறுக்குச்சு. வெறும் தண்டனையக் கூட்டல. அரசாங்கமே காசு குடுத்து ஆறு லட்சத்துக்கு மேல துப்பாக்கியைத் திரும்ப வாங்கி உருக்குச்சு. எங்க மாநிலமான நியூ சவுத் வேல்ஸ்ல இப்ப 3டி பிரிண்டர்ல துப்பாக்கி செய்யற வரைபடத்தைக் கம்ப்யூட்டர்ல வெச்சிருந்தாலே 14 வருசம் வரைக்கும் போகலாம். செய்யவே வேண்டாம், பைல் இருந்தாப் போதும்.

இங்க அதிகபட்சம்தான் 14. ஆளைப் பார்த்து, குத்தத்தோட அளவைப் பார்த்து நீதிபதி கீழ வரலாம். நம்மூர்ல அடிமட்டத்தையே ஏழுன்னு கட்டி வெச்சா நீதிபதி என்ன பண்ணுவார்? ஆசாரியப் பார்த்துப் பரிதாபப்பட்டா விடுதலையே பண்ணியாகோணும், இல்லைன்னா ஏழு. நடுவுல வழியே இல்லை. தண்டனை கனமாக ஆக, சந்தேகத்தின் பலனைக் குடுத்து உடற தீர்ப்புதான் கூடும்னு எனக்குத் தோணுது.

பவானிக்கரை வக்கீல்

இதைத்தான் நான் தினமும் பார்க்கறேன். ஆயுள் வரைக்கும் போகற குத்தம்ங்கறதால கேஸ் மாஜிஸ்திரேட்டுகிட்ட முடியாது, செசன்ஸ் கோர்ட்டுக்குப் போகோணும். குற்றப்பத்திரிகை போட போலீசுக்கு 60 நாளுக்குப் பதிலா 90 நாள் கிடைக்குது. அதுவரைக்கும் உள்ள இருக்கறது யாரு? ஜாமீன் எடுக்க ஆளில்லாத மலைக்காரன்தான். துப்பாக்கி வேலை செய்யுதான்னு தடய அறிவியல் அறிக்கை வரோணும், மகஜர்ல, அதாவது துப்பாக்கியக் கைப்பற்றுனப்ப எழுதுன தாள்ல, கையெழுத்துப் போட்ட சாட்சி வரோணும். அந்தச் சாட்சி அதே ஊருக்காரன், அதே ஆசாரிகிட்ட கொடுவாள் வாங்குனவன். கூண்டுல ஏறி, "வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்குனாங்க சாமி"ன்னு சொல்லிட்டு எறங்கிருவான்.

வெச்சிருந்த குத்தத்துக்கு வழக்குப் போடறதுக்கு முன்னால கலெக்டர் அனுமதி வேணும், 39-ஆம் பிரிவு. அங்க ஒருத்தராச்சும் காகிதத்தைப் படிச்சுப் பார்க்கறார். செஞ்ச குத்தத்துக்கு அந்தச் சல்லடையும் கிடையாது.

தாளவாடி வாத்தி

கூட்டறதா குறைக்கறதான்னே பேசறீங்க. எனக்கென்னமோ ஏழு வருசத்தைப் பத்து ஆக்குனாலும் மலையில ஒரு மாத்தமும் வராதுன்னு தோணுது. ஏன்னா செய்யறவனுக்கும் செய்யச் சொல்றவனுக்கும் இந்த நெம்பரே தெரியாது. "போலீஸ் புடிச்சா அடிப்பாங்க, ரெண்டு மாசத்துல வந்துரலாம்"ங்கறதுதான் அவங்க மனசுல இருக்கற சட்டம். நாப்பது வருசமா அதுதான் நடந்துட்டும் இருக்குது.

எனக்குக் கேட்டா 5-ஆம் பிரிவை ரெண்டாப் பிரிக்கோணும். விக்கிறதுக்குன்னு செய்யறவன், கைத்துப்பாக்கி செய்யறவன், வெளி மாநிலத்துல இருந்து எறக்குமதி பண்ணி விக்கிறவன், இவங்களுக்கு இப்ப இருக்கறது இருக்கட்டும், ஏட்டய்யா ஆசைப்படற மாதிரி கூட்டுனாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. குழல் வாய் வழியா வெடிமருந்து கெட்டிக்கிற ஒத்தக்குழல் நாட்டுத் துப்பாக்கியப் பழுது பார்த்தவனுக்குத் தனியா, கீழ எறங்க வாசல் உள்ள தண்டனை வேணும். வெச்சிருந்தவனுக்குக் குடுத்த வாசலை அவனுக்கும் குடுக்கறதுல என்ன கெட்டுப் போகுது?

அப்புறம் இந்த ஒப்படைக்கிற அறிவிப்பு. மைக்குல சொல்லிட்டுப் போறாங்க சரி. எழுத்துல குடுங்கன்னு கேட்டா யாரும் குடுக்கறதில்லை. அதனாலதான் சனங்க ஸ்டேசனுக்குக் கொண்டு போகாம புதர்ல போட்டுட்டு ஓடறாங்க. புதர்ல கிடந்ததை யாரு செஞ்சாங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? கையில குடுத்து ஒரு ரசீது வாங்கிட்டுப் போகலாம்னு இருந்தா, எந்தப் பட்டறைன்னு பாதிப் பேரு தானாவே சொல்லுவாங்க.

பவானிக்கரை வக்கீல்

வாத்தியார் சொன்னது சரியான இடம். உரிமமே வாங்காத துப்பாக்கியைக் கொண்டாந்து குடுத்தா வழக்கு இல்லைன்னு ஆயுதச் சட்டத்துல ஒரு பிரிவும் கிடையாது. மைக்குல வர்ற வாக்குறுதி அந்த அதிகாரி குடுக்கற வாக்கு, அவ்வளவுதான். அவர் மாறிப் போனா வாக்கும் கூடவே போயிரும். பெரும்பாலும் காப்பாத்தறாங்க, அதையும் சொல்லோணும்.

குச்சிக்கிழங்கு

ஏனுங்க, இத்தன பேரு பேசறீங்க, எங்க வெள்ளாமையப் பத்தி ஒருத்தரும் பேசக் காணோமே? டி.என்.பாளையம் பக்கம் காடு. மக்காச்சோளம், குச்சிக்கிழங்கு. ஒரு ராத்திரி பன்னிக் கூட்டம் எறங்குச்சுன்னா காலையில போயி பார்த்தா உழுது போட்டாப்புல கிடக்குது. தகரம் தட்டியாச்சு, சேலை கட்டியாச்சு, பட்டாசு போட்டாச்சு. அதுக்குமேல என்ன பண்றதுங்க?

காட்டுல இருந்து மூணு கிலோமீட்டர் தாண்டி வந்த பன்னிய வனத்துறையே சுடும்னு 2025 ஜனவரியில அரசாங்கம் சொல்லுச்சு. ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது, ஒண்ணுக்கும் மூணுக்கும் நடுவுல புடிச்சுக் காட்டுல உடுவாங்களாம். என்ர தோட்டம் காட்டு வேலிய ஒட்டி இருக்குது. பன்னிக்கு ரொம்ப சௌகரியம், எனக்கு ஒண்ணுமில்லை. கேரளாவுல பஞ்சாயத்தே உரிமம் உள்ள துப்பாக்கிக்காரரை வரச்சொல்லிச் சுட வெக்குது. நாங்க என்ன பாவம் பண்ணுனோம்?

துப்பாக்கி வெச்சிருக்கறவன் எல்லாம் வேட்டைக்காரன் இல்லைங்க. அது இல்லாதவன் அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள்ள வெடிய மறைச்சு, வெக்கிறான். அது இன்னும் மோசம், யானைக்குட்டி கடிச்சு வாய் கிழிஞ்சு சாகுது.

ஓய்வு ஏட்டய்யா

அவுட்டுக்காயை இதுல இழுக்காதீங்க. அது வெடிபொருள் சட்டம், அந்தக் கதை தனி.

மைசூர் ரோடு

நம்ம பக்கத்துலயே குடகு இருக்குது. அங்க கொடவருங்களுக்கும் ஜம்மாங்கற பரம்பரை மானிய நிலம் வெச்சிருக்கறவங்களுக்கும் துப்பாக்கிக்கு உரிமமே வேண்டாம்னு மத்திய அரசு விலக்குக் குடுத்திருக்குது, 2029 வரைக்கும் நீட்டியிருக்காங்க. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021-ல சரின்னுருச்சு. அங்க ஒண்ணும் தெனமும் சுட்டுக்கிட்டுச் சாகல. மலை எறங்குனா இங்க ஏழு வருசம்.

ஓய்வு ஏட்டய்யா

அங்க உரிமத்துல இருந்துதான் விலக்கு, யாரு வேணும்னாலும் பட்டறையில செஞ்சுக்கலாம்னு இல்லை. தலைப்பு செய்யறதைப் பத்திங்க தம்பி.

(ஒரு பதிவு நீக்கப்பட்டது. மலைவாழ் மக்களை மொத்தமாத் திட்டி எழுதறவங்களுக்கு இங்க இடமில்லை. நடத்துநர்)

பவானிக்கரை வக்கீல்

குச்சிக்கிழங்கு அண்ணா, உங்களுக்கு ஒரு விசயம் சொல்றேன். ஆயுதச் சட்டத்தோட 13-ஆம் பிரிவைப் படிச்சுப் பாருங்க. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி கேட்டா உரிமம் "வழங்க வேண்டும்"ங்கற தோரணையிலதான் எழுதியிருக்குது. அது பத்தாதுன்னு அதிகாரிக்குப் பட்டா வேற ரகமும் குடுக்கலாம். அதாவது எந்தத் துப்பாக்கியக் கள்ளத்தனமா செஞ்சா ஏழு வருசமோ, அதே ரகத்தை வெள்ளாமைக்காரனுக்குக் குடுக்கச் சொல்லுது அதே சட்டம்.

மனு போட்டா போலீஸ் அறிக்கை கேப்பாங்க. மறுத்தா காரணத்தை எழுத்துல பதிவு பண்ணோணும், அதை எதுத்து 18-ஆம் பிரிவுல மேல்முறையீடு உண்டு. உரிமம் இப்ப 5 வருசத்துக்கு. ஆனா ஒண்ணு, துப்பாக்கி உரிமம் கிடைச்சாலும் பன்னியச் சுட உரிமம் ஆகாது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வெடிச் சத்தம் போட்டு வெரட்டலாம், அவ்வளவுதான்.

குச்சிக்கிழங்கு

சத்தம் போடறதுக்கு ஒரு துப்பாக்கி, அதுக்கு கலெக்டராபீசுக்கு நடை. ஆனாலும் வெரட்டுனாவே போதுமுங்க, கொல்லோணும்னு எனக்கு ஆசையா? திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல குடுத்தா வாங்குவாங்களா?

பவானிக்கரை வக்கீல்

குடுக்கலாம். ஆனா மனு ரசீது மட்டும்தான் கிடைக்கும். உரிமத்துக்குத் தனிப் படிவம் இருக்குது, அதோட சிட்டா, அடங்கல், பயிர்ச் சேதத்துக்கு வி.ஏ.ஓ. சான்று, வனத்துறைக்கு முன்ன குடுத்த புகார் நகல் எல்லாம் சேர்த்து வையுங்க. மறுக்கறதா இருந்தாலும் எழுதிக் குடுங்கன்னு கேட்டு வாங்குங்க.

அந்தியூர்ப் பங்காளி

இத்தனை பேரு வந்து பேசுனதுக்கு நன்றிங்க. வக்கீல் சாரு சொன்ன தண்டனை விவரத்தை ஒரு தாள்ல எழுதி, எங்கூர்ப் பட்டறை ஆசாரிகிட்டப் படிச்சுக் காட்டுனேன். பழுது பார்த்தாலே ஏழு வருசம்னதும் சுத்தியலக் கீழ வெச்சுட்டு, "அத எழுதுன ஆளு பட்டறைக்கு வந்து சொல்லியிருக்கலாமல்ல கண்ணு"ன்னாரு. கணபதி அண்ணா, உங்க சந்துலயும் இந்தத் தாளை ஒட்டுங்க.

கணபதி லேத்து

அச்சடிக்கிற செலவு என்ர பொறுப்பு. வக்கீல் சாரு ஒரு தடவை சரி பார்த்துக் குடுங்க.

ஓய்வு ஏட்டய்யா

நான் என் கட்சியிலதான் இருக்கேன். செய்யறவனுக்குக் கருணை கிடையாது. தாளை ஒட்டறது நல்ல காரியம், அதுல ஸ்டேசன் நெம்பரும் போடுங்க.

குச்சிக்கிழங்குத் தம்பிக்கு ஒண்ணு. உரிமம் வாங்குனா ஒவ்வொரு எலெக்சனுக்கும் துப்பாக்கியக் கொண்டாந்து ஸ்டேசன்ல ஒப்படைக்கச் சொல்லி ஆள் வரும். ரிசல்ட் வந்தப்புறம்தான் திருப்பிக் குடுப்பாங்க. மறந்துராதீங்க.

குச்சிக்கிழங்கு

அந்த ரெண்டு மாசம் பன்னிக்கும் நடத்தை விதி உண்டுங்களா ஏட்டய்யா?